முழுக்கச் செய்கூலி

நகைக்கடையில் பில் போடும் நேரத்தில் தங்கத்தின் விலையை யாரும் கேள்வி கேட்பதில்லை. அது காலையிலேயே பேப்பரில் வந்துவிடுகிறது. பேரமெல்லாம் செய்கூலிக்கும் சேதாரத்துக்கும்தான். செய்தவர் கைக்குச் சேர வேண்டிய பணத்தில்தான் நமக்குக் குறைக்க ஆசை. ‘செய்கூலி இல்லை’ என்று ஒரு கடை போர்டு வைத்தால் பஸ் பிடித்துப் போகிறோம். இந்தப் பழக்கத்தில் ஊறியவர்களிடம், படித்துத் தூக்கிப்போட்ட பத்திரிகைத் தாளைச் சுருட்டி மணியாக்கி, ஹெம்ப் என்ற நார்க் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கோத்த கழுத்துமாலை ஒன்றைக் காட்டினால் என்ன சொல்வார்கள்? உருக்க அதில் ஒன்றுமில்லை. அடகுக்கடைக்காரர் தராசைத் தொடவே மாட்டார். தாளின் விலை, பழைய பேப்பர் கடையில் கிலோவுக்குக் கொடுக்கிற விலை. அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது முழுக்கச் செய்கூலி.

எனக்கு இந்த நகை பிடித்துப்போனது அதனால்தான். ஆனால் இதைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் வேறு காரணங்களைச் சொல்வார்கள். குப்பையைக் குறைக்கிறது என்பார்கள். ஏழைப் பெண்களுக்கு வருமானம் தருகிறது என்பார்கள். இரண்டும் நல்ல விஷயங்கள்தான். ஆனால் ஒரு நகையைக் கழுத்தில் போட்டுப் பார்க்கிறவருக்கு இரண்டும் பதில் ஆகாது. அழகாக இருக்கிறதா, வேலை சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைத் தாங்கக்கூடிய பொருள்தான் இது. எங்கே பார்ப்பது என்று மட்டும் தெரிய வேண்டும்.

முதலில் மணி. ஒரு தாளை நீளமான முக்கோணத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். அடி இரண்டு சென்டிமீட்டர், நீளம் 30 சென்டிமீட்டர், மறுமுனை ஊசிபோல் கூர்மை. அகலமான அடியை ஒரு மெல்லிய கம்பியில் வைத்து, நடுக்கோடு விலகாமல் இறுக்கிச் சுருட்டிக்கொண்டே வந்தால், கடைசியில் கூர்நுனி சரியாக மணியின் நடுவில் வந்து படிய வேண்டும். நுனியில் ஒரு பொட்டுப் பசை. கம்பியை உருவினால் துளை. அவ்வளவுதான் செய்முறை. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள். நன்றாகச் செய்வது வேறு சங்கதி.

அடியின் அகலம் மணியின் நீளமாகிறது; துண்டின் நீளம் மணியின் பருமனாகிறது. தாளின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கம்பி இரண்டரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் துண்டு இருபது சுற்றுக்குமேல் சுற்றி ஆறரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பருமனுக்கு வரும். துண்டை இருமடங்கு நீளமாக்கினால் மணியும் இருமடங்கு பருக்கும் என்று தோன்றும். பருக்காது, ஒன்பது மில்லிமீட்டரோடு நின்றுவிடும். வெளிச்சுற்றுக்குப் போகப்போக ஒவ்வொரு சுற்றும் அதிகத் தாளைத் தின்கிறது. பருமனை உண்மையிலேயே இரட்டிப்பாக்க நீளம் நான்கரை மடங்கு வேண்டும். துண்டோடு துண்டு ஒட்டிச் சுருட்டிய குண்டு மணி ஒன்றைப் பார்த்தால் அதற்குள் ஒரு மீட்டருக்குமேல் தாள் அடங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் கணக்கில்தான் மணியின் உருவமும் ஒளிந்திருக்கிறது. முக்கோணத்தின் ஓரங்கள் நேர்க்கோடுகள். அதைச் சுருட்டினால் நேராகச் சரிந்த இரண்டு கூம்புகளை ஒட்டவைத்த வடிவம்தான் வரவேண்டும் என்று நினைப்போம். வருவதோ வளைவு. உள்ளே சுற்று சிறியது. கொஞ்சம் தாளிலேயே பருமன் ஏறிவிடுகிறது. வெளியே சுற்று பெரியது. பருமன் மெதுவாக ஏறுகிறது. அதனால் மணி முனையில் சட்டென்று எழும்பி, நடுவை நோக்கிச் சாவகாசமாக உயர்கிறது. இந்த வளைவை யாரும் செதுக்கவில்லை, அச்சில் வார்க்கவில்லை. ஸ்கேல் வைத்து வெட்டிய நேர்க்கோடு சுருளும்போது தானாக வாங்கிக்கொள்கிற வளைவு அது. நடுவில் மட்டும் இரண்டு சரிவுகளும் சந்திக்கிற இடத்தில் மிக மெல்லிய ஒரு மேடு இருக்கும். விரலால் தடவினால் தட்டுப்படும். தாள் மணிக்கு அதுதான் கைநாட்டு.

என்னிடம் இருக்கிற மணி ஒன்றைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறேன். முனையில் கோடுகள் நெருக்கமாக, கால் மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. நடுவை நெருங்க நெருங்க அகன்று முக்கால் மில்லிமீட்டரைத் தொடுகின்றன. ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் மயிரிழை போல் ஒரு வெள்ளை. தாளின் மேலேதான் மசி. வெட்டுப்பட்ட விளிம்பில் தாளின் உள்நிறம் வெளியே வந்துவிடுகிறது. அந்த வெள்ளை இழைகள்தான் நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகின்றன. சிலர் இந்த வெள்ளை கூடாது என்று சுருட்டுவதற்கு முன்பே விளிம்பில் வண்ண மசியைத் தடவிவிடுவார்கள். அப்போது மணி வழவழப்பான ஒரே நிறப் பொருளாகிவிடும். பீங்கானா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வரும். என் ஓட்டு வெள்ளை இழைக்குத்தான். தாள் தாளாகத் தெரிவதில் என்ன குறைச்சல்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுருட்டிய பிறகு வெளியே தெரிவது துண்டின் இரண்டு ஓரங்கள் மட்டும்தான். நடுவில் இருந்ததெல்லாம் உள்ளே போய்விடுகிறது. நடிகையின் முகம், கார் விளம்பரம், சமையல் குறிப்பு, ராசிபலன் எல்லாம் போய், ஓரத்தில் இருந்த நிறம் மட்டும் வளையமாக நிற்கிறது. மணியின் இடது பாதி தாளின் இடது ஓரம். வலது பாதி வலது ஓரம். அடிப்பக்கத்து நிறம் மணியின் முனைகளுக்குப் போகிறது. நுனியின் நிறம் நடு வயிற்றில் வந்து உட்கார்கிறது. ஆகவே நன்றாகச் செய்கிறவர் பத்திரிகையைப் புரட்டும்போது படத்தைப் பார்ப்பதில்லை. கத்தரி எந்தக் கோட்டில் ஓடும், அந்தக் கோட்டில் என்ன நிறங்கள் வரிசையாக வருகின்றன என்று பார்க்கிறார். அழகான படம் அழுக்கு மணியாகும். ஒன்றுக்கும் உதவாத ஒரு சோப்பு விளம்பரத்தின் நீல விளிம்பு அருமையான மணியாகும். பக்கத்தைப் பார்த்ததும் மணி மனத்தில் தெரிவது வரை கண் பழகவேண்டும். இந்தக் கலையில் கைக்கு முன்னால் பழகுவது கண்தான்.

தாளிலும் சாதிகள் உண்டு. செய்தித்தாள் மிருதுவானது, பசையைக் குடித்துவிடும், நிறம் மங்கல். சுருட்டினால் சாம்பல் நிறத்தில் எழுத்துப் பொடிகள் சிதறிய மணி வரும். அதற்கென்று ஒரு அடக்கமான அழகு உண்டு. வார இதழின் பளபளப்புத் தாள் சீனக்களிமண் பூசியது. மெல்லியது, கெட்டியானது, நிறம் குறையாதது. மணிக்கென்றே பிறந்த தாள் அதுதான். காலண்டர் அட்டையும் கல்யாணப் பத்திரிகையும் கனம் அதிகம். சில சுற்றிலேயே பருத்துவிடும், மடங்குகிற இடத்தில் வெடிக்கும். தாளுக்கு நாரோட்டமும் உண்டு. ஆலையில் தாள் ஓடிய திசையில்தான் நார்கள் படிந்திருக்கும். இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சொன்னபடி கேட்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். எந்தப் பக்கம் எளிதாகச் சுருளுகிறதோ அந்தப் பக்கமே துண்டின் நீளம் வரும்படி வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் எத்தனை இறுக்கினாலும் உள்சுற்று பிரிந்துகொண்டே இருக்கும்.

வடிவங்களுக்கும் பஞ்சமில்லை. செவ்வகத் துண்டு நேரான குழலாகும். ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் சரிவாகவும் வெட்டினால் ஒரு பக்கம் தட்டையான கூம்பு. முக்கோணத்தின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் பீப்பாய். அடியை ஒரு சென்டிமீட்டருக்குக் குறைத்து நீளத்தைக் கூட்டினால் தட்டை வட்டு. அளவை மாற்றுவதொழிய வேறு எந்தக் கருவியும் தேவையில்லை.

குறைகளும் கண்ணுக்குத் தெரியும். சுருட்டும்போது கை ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு முனை நீண்டு, மறுமுனை குறுகி, நடுமேடு ஓரத்துக்குப் போய்விடும். இறுக்கம் குறைந்தால் முனையில் சுற்றுகளுக்கு இடையே இருட்டுத் தெரியும். பசை கூடினால் மணிமேல் மூட்டமாகப் படியும். குறைந்தால் நுனி தூக்கிக்கொள்ளும். ஒரு மாலையை வாங்குமுன் நான் முதலில் தேடுவது அந்த நுனியைத்தான். நூறு மணியில் நூறு நுனியும் படிந்திருந்தால் செய்தவர் பொறுமைசாலி.

பிறகு வார்னிஷ். ஒரு பூச்சு போதாது. பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, மறுபடி காயவிட்டு என்று அடுக்கடுக்காக ஏறினால்தான் தாள் தண்ணீருக்கும் வியர்வைக்கும் தாக்குப்பிடிக்கும். மேற்பரப்பு எப்போதும் நன்றாகவே காப்பாற்றப்பட்டிருக்கும். எதிரி வருவது துளை வழியாக. வெட்டுவிளிம்பெல்லாம் திறந்துகிடக்கிற இடம் அது. அங்கே ஈரம் ஏறினால் மணி உள்ளிருந்து ஊதும். துளையின் இரு வாயிலும் வார்னிஷ் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பவர்தான் விவரமான வாடிக்கையாளர்.

தாள் மணிக்குப் பழைய பூர்வீகம் ஒன்று சொல்வார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வீட்டுப் பெண்கள் மிச்சமான சுவர்க்காகிதத்தைப் பின்னல் ஊசியில் சுருட்டி, தேன்மெழுகு தேய்த்து, சரம்சரமாகக் கோத்து வாசல் திரையாகத் தொங்கவிட்டார்கள். அது வரவேற்பறைப் பொழுதுபோக்கு. வயிற்றுப்பாட்டுக்காக இந்த மணி உருண்ட இடம் வேறு: கிழக்கு ஆப்பிரிக்கா, குறிப்பாக உகாண்டாவின் தலைநகர் கம்பாலா.

1987 முதல் சுமார் இருபது ஆண்டுகள் உகாண்டாவின் வடபகுதி ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படைக்கும் அரசுக்கும் நடுவில் சிக்கிச் சீரழிந்தது. அங்கிருந்து ஓடிவந்த அச்சோலி இன மக்களில் பலர் கம்பாலாவின் கிழக்கே கிரேக்கா பகுதியில் ஒரு மலைச்சரிவில் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்புக்கே அச்சோலி குவார்ட்டர் என்று பெயர். பக்கத்தில் கல்குவாரி. பெண்கள் சுத்தியலால் கருங்கல்லைக் கையாலேயே ஜல்லியாக உடைத்து, அளந்து விற்றுப் பிழைத்தார்கள். அதே கைகள்தான் தாள் மணியும் உருட்டின. கம்பாலாவில் நாசர் ரோடு என்றால் அச்சகங்கள். போஸ்டர், காலண்டர், துண்டறிக்கை எல்லாம் அடித்துத் தள்ளுகிற தெரு. அச்சுத்தொழில் செழித்த ஊரில் வண்ணத் தாளுக்குத் தட்டுப்பாடில்லை. வேண்டியது ஸ்கேல், பிளேடு, ஊசி, பசை, வார்னிஷ். கடை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்து செய்யலாம்.

2004ல் டார்கின் வேக்ஃபீல்டு, டெவின் ஹிபார்டு, ஜின்னி ஜோர்டான் என்ற மூன்று அமெரிக்கப் பெண்கள் ‘பீட் ஃபார் லைஃப்’ என்ற அமைப்பைத் தொடங்கி இந்த மணிமாலைகளை அமெரிக்காவுக்கு எடுத்துப்போனார்கள். கடையில் வைத்து விற்கவில்லை. வீடுகளில் தோழிகளைக் கூட்டி, காபி கொடுத்து, மேசையில் மாலைகளைப் பரப்பி விற்கிற ‘பீட் பார்ட்டி’ முறை. அது பரவி, உகாண்டா மணி என்றாலே தாள் மணி என்று ஆயிற்று. பின்னாளில் அந்த அமைப்பு மணி விற்பதை விட்டு, ‘ஸ்ட்ரீட் பிசினஸ் ஸ்கூல்’ என்ற பெயரில் பெண்களுக்குச் சிறுதொழில் பயிற்சி தருவதில் இறங்கியது. மணிகள் நிற்கவில்லை. கம்பாலாவின் கைவினைச் சந்தைகளில் இன்றும் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன.

மூன்று சரம் வைத்த நீள மாலை ஒன்றுக்கு நூறு மணி என்று கொள்வோம். ஒரு மணிக்கு 30 சென்டிமீட்டர் என்றால் நூறு மணிக்கு 30 மீட்டர் தாள். தலையும் காலுமாக மாற்றி மாற்றி வெட்டினால் ஒரு ஏ4 தாளில் கிட்டத்தட்ட இருபது துண்டு கிடைக்கும். அப்படியானால் முழு மாலைக்கும் ஐந்தே தாள். கல்போல் கனமாகத் தெரிகிற மாலை கழுத்தில் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசாக இருப்பது இதனால்தான். ஐந்து தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாயிரம் சுற்றுக்குமேல் சுற்றியிருக்கிறார் ஒருவர். இதுதான் அந்த மாலையின் உண்மையான எடை.

உகாண்டாவில் இந்த மணிகளைப் பெரும்பாலும் நைலான் இழையிலோ எலாஸ்டிக்கிலோ கோத்து, இடையிடையே பொடிக் கண்ணாடி மணி வைப்பார்கள். அதில் கயிறு மறைந்துகிடக்கும். மணி மட்டும் பேசும். ஹெம்ப் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கோக்கிற வழக்கம் வேறு திசையிலிருந்து வந்தது. 1990களில் அமெரிக்க இளைஞர்களிடையே ஹெம்ப் கழுத்துமாலை பெரிய மோகம். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் கச்சேரி நடக்கிற மைதானங்களுக்கு வெளியே கார் நிறுத்துமிடங்களில் பாய் விரித்து விற்றார்கள். சங்கு, மரமணி, களிமண் மணி, கண்ணாடி மணி என்று கிடைத்ததையெல்லாம் அதில் முடிந்தார்கள். அந்த வரிசையில் தாள் மணியும் வந்து சேர்ந்தது.

அந்தக் கயிற்றின் கதையும் சுவாரசியமானது. ஹெம்ப் என்பது கஞ்சா இனத்துச் செடிதான். போதைப்பொருள் மிகக் குறைவாக உள்ள, நாருக்காக நெடுநெடுவென்று வளர்க்கிற வகை. தண்டை ஊறவைத்து, பட்டையை உரித்து நார் எடுக்கிறார்கள். உப்புத் தண்ணீரைத் தாங்கும் என்பதால் பாய்மரக் கப்பல் காலத்தில் கடற்படைகளே இந்தக் கயிற்றை நம்பியிருந்தன. அமெரிக்காவில் 1937ல் வந்த வரிச் சட்டம் இந்தச் செடியை ஒடுக்கியது. ஐந்தே ஆண்டில், பிலிப்பைன்ஸ் ஜப்பான் வசம் போய் அங்கிருந்து வந்த கயிற்று நார் நின்றதும், அதே அரசாங்கம் 1942ல் ‘ஹெம்ப் ஃபார் விக்டரி’ என்று ஒரு படமே எடுத்து விவசாயிகளைப் பயிரிடச் சொன்னது. போர் முடிந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. 1970ல் வந்த சட்டம் தடையை மேலும் இறுக்கியது. விற்கலாம், அணியலாம், வளர்க்க மட்டும் கூடாது; அதனால் கச்சேரி வாசலில் விற்ற மாலைகளின் கயிறு வெளிநாட்டிலிருந்து வந்தது. தடை முழுதாக விலகியது 2018 விவசாயச் சட்டத்தில். அதே 2018ல் நம் நாட்டில் உத்தராகண்ட் தொழில்முறை ஹெம்ப் சாகுபடிக்கு உரிமம் வழங்கிய முதல் மாநிலமானது.

நகைக்கு வேண்டியது ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள கயிறு. பழுத்த கோதுமை நிறம்; தொட்டால் சொரசொரப்பு, முகர்ந்தால் வைக்கோல் வாசம். அந்தச் சொரசொரப்புதான் முடிச்சுக்கு உயிர். நைலான் இழையில் போட்ட முடிச்சு வழுக்கி அவிழும். பசை வைக்க வேண்டும், இல்லை உலோகக் குப்பியால் நசுக்க வேண்டும். ஹெம்ப் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். நனைந்தால் நார் உப்பி இன்னும் இறுகும். இழுத்தால் நீளாது. நாளாக ஆக, தோலின் எண்ணெய் பட்டு மிருதுவாகும்.

கோப்பதற்கு நாலு கயிறு. நடுவில் இரண்டு அசையாமல் நிற்கும்; இரு ஓரத்துக் கயிறுகள்தான் வேலை செய்யும். இடது கயிறு நடு இரண்டின் மேலே போகும்; வலது கயிறு அதன் வாலின்மேல் வந்து, நடு இரண்டின் அடியில் புகுந்து, இடப்பக்கத்து வளையத்தின் வழியாக மேலே வரும். இழுத்தால் பாதி முடிச்சு. அடுத்ததை வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் முழுச் சதுர முடிச்சு. இப்படி மாறிமாறிப் போட்டால் தட்டையான பட்டை வரும். மாற்றாமல் ஒரே பக்கத்திலிருந்தே தொடங்கிக்கொண்டு போனால் பட்டை தானாகவே திருகி, படிக்கட்டு மாதிரி சுழன்று இறங்கும். அரபு நெசவாளர்கள் துணியின் விளிம்பு நூல்களை முடிந்த வேலையிலிருந்து ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போய், மாலுமிகள் கையில் கப்பலேறிய மேக்ரமே கலையின் அரிச்சுவடி இதுதான்.

நம் ஊரில் ஒயர் கூடை பின்னியவர்களுக்கு இதில் எது கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. சிவன் கண்ணோ நெல்லிக்காயோ, முடிச்சுப் போடும் விதத்தை யாரும் கற்றுக்கொள்ளலாம். முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் கை ஒரே அளவு இழுத்திருக்கிறதா என்பதில்தான் கூடை நேராக நிற்பதும் கோணுவதும் இருக்கிறது. ஹெம்ப் மாலையிலும் அப்படித்தான். காலையில் போட்ட முடிச்சும் சாயங்காலம் அலுத்துப்போய்ப் போட்ட முடிச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். நாற்பது சென்டிமீட்டர் மாலைக்கு ஓரக் கயிறு ஒவ்வொன்றும் அதைப்போல் நாலைந்து மடங்கு நீளம் வேண்டும். வெட்டும்போது கஞ்சத்தனம் பார்த்தால் பின்கழுத்துக்கு வரும்போது கயிறு தீர்ந்துவிடும். ஒட்டுப்போட்டால் தெரியும்.

மணியும் கயிறும் சந்திக்கிற இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மணி ஏறுவது நடுக் கயிறுகள் இரண்டின்மேல். ஓரக் கயிறுகள் மணியின் இரு பக்கமும் வளைந்து இறங்கி, கீழே அடுத்த முடிச்சில் கூடுகின்றன. பதக்கத்துக்குத் தங்கத்தில் கட்டுகிற சட்டத்தின் வேலையை இங்கே கயிறே செய்கிறது. இந்த வளைவு மணியின் சரிவோடு ஒட்டிப் போகவேண்டும். தளர்ந்தால் காதுபோல் விரிந்து நிற்கும். இழுத்துவிட்டால் மணி அழுந்தி மாலை வளைந்து போகும். நடுவில் பருத்து முனையில் ஒடுங்கிய தாள் மணி இதற்குத் தோதானது. ஒடுங்கிய முனையில் முடிச்சு வந்து உட்கார அதுவே இடம் விட்டிருக்கிறது. நேரான குழல் மணியாக இருந்தால் முடிச்சு விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும்.

ஆக, துளைதான் முதல் தீர்மானம். ஒரு மில்லிமீட்டர் கயிறு இரண்டு நுழைய இரண்டு மில்லிமீட்டருக்குமேல் துளை வேண்டும். தையல் ஊசியில் சுருட்டிய மணி எத்தனை அழகாக இருந்தாலும் ஹெம்ப்பில் ஏறாது. ஏற்றியே தீருவேன் என்று குடைந்தால் உள்சுற்று கிழிந்து தொங்கும். மணி செய்கிறவரும் முடிச்சுப் போடுகிறவரும் ஒரே ஆளாக இருந்தாலோ, ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டு செய்தாலோதான் இந்தத் துளையும் கயிறும் ஒன்றுக்கொன்று பொருந்தும். எங்கிருந்தோ வந்த மணியையும் எங்கிருந்தோ வந்த கயிற்றையும் சேர்த்த மாலையில் மணிகள் லொடலொடவென்று ஆடும்.

பளபளப்பும் சொரசொரப்பும் பக்கத்தில் பக்கத்தில் வருவதில் ஒரு நயம் இருக்கிறது. வார்னிஷ் போட்ட மணி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கயிறு வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். கயிற்றின் வெளிர் மண் நிறம் எந்த நிறத்தோடும் சண்டை போடாது. ஆனால் இந்தத் தாராளமே சிலரைக் கெடுத்துவிடுகிறது. ஒரு மாலையில் பதினைந்து நிற மணி, நடுவில் உலோகத் துண்டு, கீழே இறகு என்று ஏற்றிவிடுவார்கள். அப்புறம் முடிச்சு யார் கண்ணுக்கும் படாது. என்னைக் கேட்டால் நாற்பது சென்டிமீட்டருக்கு ஏழு அல்லது ஒன்பது மணி ஏராளம். நடு மணி சற்றுப் பெரியது, இரு பக்கமும் படிப்படியாகச் சிறியது. இடையில் முடிச்சுக்குத் தாராளமாக இடம். மணிகள் எல்லாம் ஒரே தாளிலிருந்து வெட்டியதாக இருந்தால் இன்னும் விசேஷம். நிறங்கள் ஒரே குடும்பம். ஆனால் ஓரம் ஓரமாகக் கத்தரி நகர்ந்ததால் எந்த இரண்டும் ஒன்று போல் இருக்காது.

கொக்கிக்கு இரும்பும் பித்தளையும் வேண்டாம். ஒரு முனையில் வளையம், மறுமுனையில் அதற்குள் நுழைகிற ஒரு பொத்தான் மணி. இந்தப் பொத்தானையும் தாளிலேயே செய்கிறவர்கள் உண்டு. அங்கேதான் உராய்வு அதிகம். தினமும் நுழைத்துக் கழற்றும் இடத்தில் வார்னிஷ் முதலில் தேயும். தேங்காய் ஓடோ மரமோ வைப்பதுதான் புத்திசாலித்தனம். குளிக்கும்போது கழற்றிவைக்க வேண்டும். சென்ட்டை நேராக இதன்மேல் அடிக்கக் கூடாது. கயிறு கறுத்து நைந்தால் வெட்டிவிட்டு, மணிகளைப் புதுக் கயிற்றில் முடிந்துகொள்ளலாம். ஒரு மணி ஊதிவிட்டால் அதைமட்டும் மாற்றலாம்.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் சணல் என்று கேட்டால் கிடைப்பது கோணிக்கு ஆகிற ஜூட். வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சணப்பு இன்னொரு செடி. ஜூட் மலிவு, பார்வைக்கும் ஹெம்ப் மாதிரியே இருக்கும். ஆனால் பிசிறு உதிரும், கழுத்தில் அரிக்கும், நனைந்தால் பலம் குறையும். ஹெம்ப் கிடைக்காவிட்டால் மெழுகு போட்ட பருத்திக் கயிறு அதைவிட மேல். தாளுக்கு எங்கும் போகவேண்டாம். பளபளப்பான வார இதழ் ஒன்றின் அட்டைக்கு அடுத்த நாலு பக்கம் போதும்.

விலைக்கு வருவோம். இந்த நகையை விற்கிற இடங்களில் மணியைப் பற்றி ஒரு வரியும், செய்தவரின் கஷ்டத்தைப் பற்றி ஒரு பக்கமும் எழுதிய சீட்டைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அதைப் படித்து மனம் இளகி வாங்குகிறவர் ஒரு முறை வாங்குவார். வாங்கிய மாலை டிராயரில் கிடக்கும். அடுத்த வருடம் அவர் இரக்கப்பட வேறு இடம் கிடைத்துவிடும். கல் உடைத்த கையோ நம் தெருவில் தையல் மெஷினில் உட்கார்ந்த கையோ, ஒரு தொழில் நிலைக்க வேண்டுமானால் மறுபடி வருகிற வாடிக்கையாளர் வேண்டும். அவர் நுனி படிந்திருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்ப்பார். முடிச்சை வெளிச்சத்தில் பிடித்து வரிசை எண்ணுவார். இந்த நீலம் போதாது, போன தடவை வாங்கியது மாதிரி வேண்டும் என்பார். கேட்ட விலையைக் குறைக்காமல் கொடுப்பார். குறை சொல்லத் தெரிந்தவரிடமிருந்து வருகிற பாராட்டைத்தான் செய்கிறவரும் நம்புவார். தாள் மணிக்கு இன்றைக்குத் தேவை அப்படிப்பட்ட கறாரான ரசிகர்கள் நாலு பேர்.